உழைப்பைக் காட்டும் படங்கள்: என் மார்க் ஷீட்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



"டாக்குமெண்டரி" என்று சொன்னாலே நம் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. மீதிப் பேர், "போடா, போய் ரெக்கார்டு நோட்டை முடிக்கிற வழியைப் பாரு" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும். அந்தக் காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஒன்றைக் கட்டாயம் ஓட்டியாக வேண்டும். மத்திய அரசு 1948-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. ஓர் அமைச்சர் அணையைத் திறந்து வைப்பார். இன்னொருவர் வெள்ளத்தைப் பார்வையிடுவார். கனத்த குரலில் யாரோ விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். "அது ஓடி முடியறதுக்குள்ள முறுக்கு வாங்கிட்டு வந்துருவோம்" என்பார் என் அப்பா. டாக்குமெண்டரிக்கும் நம் ஜனங்களுக்கும் உள்ள உறவு இப்படி முறுக்கில்தான் ஆரம்பமாகியிருக்கிறது!

ஆனால் அதே ஃபிலிம்ஸ் டிவிஷனில்தான் எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்ற டைரக்டர் 1967-ல் "ஐ ஆம் 20" என்று ஒரு சின்னப் படம் எடுத்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலை பெற்ற அதே நாளில், பிறந்தவர்களைத் தேடிப் பிடித்தார். உனக்கும் இருபது வயசு, நாட்டுக்கும் இருபது வயசு, என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். ஒருவர் நம்பிக்கையோடு பேசுகிறார். இன்னொருவர் கசப்போடு பேசுகிறார். இரண்டையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அரசாங்கக் காசில் எடுத்த படம் என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான். கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஓடுகிறது. என் மார்க் 75. ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். ஆனாலும் இந்தப் பழைய படங்கள் பல யூடியூபில் கிடைக்கின்றன. காசு வேண்டாம், டேட்டா இருந்தால் போதும்.

இந்தக் கட்டுரையில் எல்லா டாக்குமெண்டரிகளையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. புலி மானைப் பிடிப்பதை யார் சிபாரிசு செய்யாமலும் நீங்கள் பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேலையைப் பற்றிய படங்கள். மில், ஃபேக்டரி, ரயில், சாக்கடை என்று மனுஷன் கையால் பாடுபடும் இடங்களைக் காட்டும் படங்கள். ஏன் அவை மட்டும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கேன்டீன் நிஜம்தான்!

கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகள் முதலில் என்ன செய்கின்றன? செமினார் ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் போடுகின்றன. நான் பார்த்த ஒரு கம்பெனி படம் பத்து நிமிஷம் ஓடியது. பச்சைப் பசேல் என்று புல்வெளி, ஏ.சி. பஸ், பளபளக்கும் கேன்டீன், யூனிஃபார்ம் போட்டுச் சிரிக்கும் முகங்கள். பின்னணியில் மியூசிக். பேசியவர்கள் மேனேஜர்கள் மட்டும். மெஷின் முன்னால் நின்ற ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்று படம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கை தட்டினோம்.

அங்கே வேலைக்குப் போன சீனியர் அண்ணன் ஒருவர் பிறகு போனில் சொன்னார்: "படத்துல காட்டின கேன்டீன் நெஜம்தான்டா தம்பி. அதுல உக்காரத்தான் நேரம் இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் கேமரா பிடித்த உண்மை. இருந்தும் அண்ணனுக்கு வேண்டிய உண்மை அதில் இல்லை. அப்படியானால் "நிஜத்தைப் பிடித்த படம்" என்பதற்கு என்னதான் அர்த்தம்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் படம் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பழகினேன். படத்துக்குக் காசு போட்டது யார்? படத்தில் பேசுவது யார்? வேலையை வேலை தெரிந்தவன் ஒத்துக்கொள்கிற மாதிரி காட்டியிருக்கிறார்களா? நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு. அது என் சொந்தச் சரக்கு இல்லை, பின்னால் வரும்.

உடைந்த பாட்டில்

முதலில் ஒரு நல்ல செய்தி. கம்பெனி காசில் எடுத்த படம் என்றாலே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலந்து நாட்டின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-ல் எடுத்த "கிளாஸ்" என்ற படம் அதற்குச் சாட்சி. லீர்டாம் என்ற ஊரின் கண்ணாடித் தொழிற்சாலை அவரை விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலையோடு வேலையாக இந்தப் படத்தையும் எடுத்தார். சுமார் பதினொரு நிமிஷம். பேச்சே கிடையாது. இங்கிலீஷ் தெரியாது, டச்சு தெரியாது என்ற கவலை வேண்டாம்!

முதல் பாதியில் கையால் ஊதுபவர்கள் வருகிறார்கள். நீண்ட குழலின் நுனியில் உருகிய கண்ணாடி செக்கச் செவேல் என்று தொங்குகிறது. குழலை உருட்டிக்கொண்டே ஊதுகிறார்கள். உருட்டுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் சரிந்துவிடும். நாம் லேத்தில் ஜாபைச் சுற்றவிட்டு டூலை நகர்த்துகிறோம் அல்லவா? இங்கே சுற்றுவதும் கை, வடிவம் கொடுப்பதும் கை. கன்னம் பலூன் மாதிரி உப்புகிறது. பின்னணியில் ஜாஸ் இசை. ஊதுகிறவரின் மூச்சும் வாத்தியக்காரரின் மூச்சும் ஒன்றுதான் என்பது போல் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்.

இரண்டாம் பாதியில் மெஷின். பாட்டில்கள் வரிசையாக வருகின்றன. இரும்புக் கை ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கிறது. என்ன வேகம், என்ன ஒழுங்கு! திடீரென்று கழுத்து உடைந்த பாட்டில் ஒன்று வருகிறது. இரும்புக் கையால் அதைப் பிடிக்க முடியவில்லை. பாட்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் வருவது அதில் மோதி விழுகிறது. அதற்குப் பின்னால் வருவதும் விழுகிறது. மெஷினுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கடைசியில் ஒரு மனுஷக் கை வந்து அந்தப் பாட்டிலை எடுத்துப் போட்டதும் எல்லாம் பழையபடி ஓடுகிறது.

வொர்க்‌ஷாப்பில் கன்வேயர் பற்றிப் படித்த எவரும் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு "இதுக்கு ஒரு சென்ஸார் போட்டிருக்கணும்டா" என்பார்கள். நானும் அதையேதான் சொன்னேன். விஷயம் என்னவென்றால், தன் மெஷின் மாட்டிக்கொண்டு முழிக்கும் காட்சி உள்ள படம் அந்தக் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவில்லை. 1959-ம் வருஷத்துக்கான ஆஸ்கர் பரிசு, குறும் டாக்குமெண்டரிப் பிரிவில், அதற்குத்தான் கிடைத்தது. நம் கம்பெனி படங்களை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் மார்க் 92. பத்து நிமிஷத்தை வீணாக்குவதில் நாம் எல்லோரும் கில்லாடிகள். அந்தப் பத்து நிமிஷத்தை ஒருநாள் இதற்குக் கொடுங்கள்.

இதே மாதிரி இன்னொரு படம், "நைட் மெயில்". பிரிட்டிஷ் தபால் இலாகா தன் சொந்தப் படப் பிரிவை வைத்து 1936-ல் எடுத்தது. ஹாரி வாட், பேசில் ரைட் இருவரும் இயக்கினார்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ராத்திரி முழுக்க ஓடும் தபால் ரயில்தான் கதாநாயகன். கடைசியில் வரும் கவிதையை எழுதியவர் டபிள்யூ.எச். ஆடன். இசை அமைத்த பெஞ்சமின் பிரிட்டனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நம்மைவிட நாலு வயசு மூத்தவர், அவ்வளவுதான்!

எனக்குப் பிடித்தது கவிதை இல்லை, அதற்கு முன்னால் வரும் ஒரு வேலை. ரயில் நிற்காமலே பையை இறக்க வேண்டும். தோல் உறையில் கட்டிய தபால் பையை ஓடுகிற பெட்டியின் வெளியே தொங்கவிடுவார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் விரித்திருக்கும் வலை அதைப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப முன்னால் தொங்கவிட்டால் வேறு எதிலாவது அடிபடும், கொஞ்சம் தாமதித்தால் வலை போய்விடும். இருட்டில் எப்படித் தெரியும்? மூத்தவர் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: இரண்டு பாலம் தாண்டணும், பிறகு தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுகிற சத்தத்தை நாற்பத்தைந்து எண்ணணும், அப்போது நீட்டணும். பையன் உதட்டை அசைத்து எண்ணுகிறான். ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் நின்றபோது நம் நெஞ்சு எப்படி அடித்தது! அந்தப் பையன் முகத்தில் அதே கலவரம்.

ஆனால் ஒரு தகவல். ரயில் பெட்டிக்குள் கடிதம் பிரிக்கும் காட்சி ஓடுகிற ரயிலில் எடுத்ததில்லை. ஸ்டூடியோவில் பெட்டி மாதிரி செட் போட்டு, நிஜத் தபால் ஊழியர்களையே நிற்கவைத்து, ரயில் ஆடுகிற மாதிரி லேசாக ஆடச் சொல்லி எடுத்தார்கள். "அப்போ இது டூப்தானே?" என்று ரூம் மேட் சண்டைக்கு வந்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்கள் நிஜம், வேலை நிஜம், கை பழகிய விதம் நிஜம். பெட்டி மட்டும் செட். வேலை தெரிந்தவன் ஒத்துக்கொள்வானா என்ற என் மூன்றாவது கேள்வியில் படம் பாஸாகிவிடுகிறது. மார்க் 82.

டூப் என்றால் எது டூப்? 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த "நானூக் ஆஃப் தி நார்த்" படத்தைப் பாருங்கள். டாக்குமெண்டரி உலகின் முதல் பெரிய படம் என்று எல்லோரும் கொண்டாடுவது. கனடாவின் வட பகுதியில், பனியில் வாழும் இனூயிட் மக்களின் கதை. அந்த மனிதரின் நிஜப் பெயர் நானூக் இல்லை, அல்லாகரியல்லாக். அந்த ஜனங்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் படத்தில் ஈட்டியோடு வேட்டையாட வைத்தார்கள். பனி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பாதி வெட்டின வீட்டில் குடும்பத்தைப் படுக்கவைத்து எடுத்தார்கள். வீடு வெட்டியதைக்கூட மன்னித்துவிடலாம், ரயில் செட் மாதிரிதான். துப்பாக்கி வைத்திருப்பவன் கையில் ஈட்டியைக் கொடுத்து "இவன் இன்னும் பழைய காலத்து ஆள்" என்று காட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பனியில் வீடு கட்டும் காட்சி மட்டும் அருமை. காசு போட்டது யார் தெரியுமா? ரெவியோன் ஃப்ரேர் என்ற தோல் வியாபாரக் கம்பெனி. மார்க் 58. பாஸ், ஆனால் கிளாஸ் கிடையாது.

இந்த இடத்தில் நம் தமிழர் ஒருவரைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றி உலகமெல்லாம் சிதறிக் கிடந்த படச் சுருள்களைத் தேடி ஊர் ஊராக, தேசம் தேசமாக அலைந்து, 1940-ல் தமிழில் ஒரு டாக்குமெண்டரியை வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அதைச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தமிழ்ப் பிரதி தொலைந்துவிட்டது. பார்க்க முடியாத படத்துக்கு மார்க் போட முடியாது. தேடி அலைந்த அந்தக் கால்களுக்கு வேண்டுமானால் போடலாம்.

அம்மா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஃபேக்டரி என்று சொல்ல மாட்டோம், "தீப்பெட்டி ஆபீஸ்" என்போம். பெயரில் மட்டும் ஆபீஸ். என் அம்மா பத்து வயசில் அந்த ஆபீசுக்குப் போனவர். பெட்டி ஒட்டியிருக்கிறார், குச்சி அடுக்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

சலம் பென்னுர்கர் என்ற கர்நாடக டைரக்டர் 1990-ல் தமிழிலேயே எடுத்த படம் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்". சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பட்டப் பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெருமைக்குப் பின்னால் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைக் காட்டுகிற படம் இது. படம் வந்த வருஷம் அம்மாவுக்கு ஒன்பது வயசு. அடுத்த வருஷமே அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் அம்மாவுக்குப் பதினைந்து வயசு ஆகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அமைப்பினர் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரையில் இருந்த குழந்தைகளின் முகத்தைக்கூட அவர் அதிகம் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "என்ன வேகம் பாத்தியா அந்தப் புள்ளைக்கு. அப்படி அடுக்குனாத்தான் காசு" என்றார். படம் முடிந்து நடந்து வரும்போது கேட்டார்: "படம் புடிச்சவங்க அப்புறமா திரும்ப வந்து அந்தப் புள்ளைங்களைப் பாத்தாங்களா?" கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, "எங்க ஆபீசுக்கெல்லாம் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லப்பா" என்றார்.

எத்தனை மார்க் போடலாம் என்று கேட்டேன். "எனக்கென்னடா தெரியும் மார்க்கு? அந்தப் புள்ளைங்களுக்கு நூறு போடு. படத்துக்கு நீ போட்டுக்க." நான் 86 போட்டேன். அம்மாவின் கேள்வியை என் மூன்று கேள்விகளோடு நாலாவதாகச் சேர்த்துக்கொண்டேன்: எடுத்தவர்கள் திரும்ப வந்தார்களா?

இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு "மெஷின்ஸ்" படத்தைப் பாருங்கள். ராகுல் ஜெயின் 2016-ல் எடுத்தது. குஜராத்தில் சூரத் பக்கம் ஒரு பெரிய துணி மில். டைரக்டரின் தாத்தாவே அந்தப் பகுதியில் மில் வைத்திருந்தவர். வர்ணனைக் குரல் இல்லை, பின்னணி இசை இல்லை. மெஷின் சத்தம்தான் இசை. சாயத் தொட்டி, நீராவி, ஈரத் தரை, துணி மூட்டைமேல் சுருண்டு தூங்கும் ஆட்கள். மெஷின் முன்னால் நிற்கும் ஒரு பையனுக்குத் தூக்கம் தாங்கவில்லை. தலை சாய்கிறது, திடுக்கிட்டு நிமிர்கிறான், மறுபடி சாய்கிறது. கேமரா நகராமல் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிற நமக்குப் பதறுகிறது, கை உள்ளே போய்விடுமோ என்று. சேஃப்டி பாடத்தில் "ஆபரேட்டர் ஃபெடீக்" என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதன் முகம் இதுதான்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் கடன் வாங்கி ரயில் ஏறி வந்தவர்கள். முதலாளியும் பேசுகிறார். வயிறு நிறைந்துவிட்டால் ஆட்கள் முன்போல் வேலை செய்வதில்லை என்கிற ரீதியில் அவர் பேச்சு போகிறது. அவர் முன்னால் சிசிடிவி திரைகள். யாரும் அவரைத் திட்டவில்லை, படம் அவரைப் பேசவிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது. அதுவே போதுமாக இருக்கிறது. கடைசியில் தொழிலாளிகள் கேமராவைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள்: நீங்களும் எங்கள் கஷ்டத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறோம். டைரக்டரால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை மறைக்காமல் படத்தில் வைத்ததற்காகவே பத்து மார்க் கூடப் போட்டேன். மொத்தம் 88.

அதே கேட், அதே கேமரா

என் பட்டியலில் முதல் இடம் "அமெரிக்கன் ஃபேக்டரி" படத்துக்கு. ஸ்டீவன் பொக்னர், ஜூலியா ரைக்கர்ட் என்ற தம்பதி 2019-ல் எடுத்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரத்தின் பக்கம் மொரைன் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி ஒன்று இருந்தது. 2008 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், மூடிவிட்டார்கள். கடைசி டிரக் வெளியே வந்த அந்தச் சமயத்தை இதே இருவரும் "தி லாஸ்ட் டிரக்" என்ற குறும்படமாக எடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். சில வருஷம் கழித்து அதே கட்டடத்தை ஃபூயாவ் என்ற சீனக் கம்பெனி வாங்கிக் கார் கண்ணாடி செய்ய ஆரம்பித்தது. இவர்கள் மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே கேட்டுக்குப் போனார்கள். அம்மாவின் கேள்விக்கு இந்தப் படத்தில் "ஆமாம், வந்தார்கள்" என்று பதில் இருக்கிறது.

நமக்கு அமெரிக்கா என்றால் பணக்கார நாடு. அங்கே ஒரு பெண் சொல்கிறார்: ஜெனரல் மோட்டார்ஸில் மணிக்கு 29 டாலருக்குமேல் வாங்கினேன், இங்கே 12 டாலர் 84 சென்ட். சீனாவிலிருந்து வந்த தொழிலாளிகள் நிலையும் சொகுசு இல்லை. இரண்டு வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஃபர்னஸ் வேலையில் கைதேர்ந்த ஒரு சீனரும் ஓர் அமெரிக்கரும் பாஷை புரியாமலே கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொள்ளும் இடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன. நம் டூல் ரூமில் ஒடிசா அண்ணன்களோடு நாம் பேசுகிற பாஷை மாதிரி: கை, தலை, சிரிப்பு.

அப்புறம் சண்டை ஆரம்பிக்கிறது. அமெரிக்கர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்கிறது நிர்வாகம். பாதுகாப்பு இல்லை, கையைச் சுட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள் தொழிலாளிகள். யூனியன் வேண்டுமா என்று 2017-ல் ஓட்டெடுப்பு. வேண்டும் என்று 444 ஓட்டு, வேண்டாம் என்று 868. தோற்றவர்களையும் ஜெயித்தவர்களையும் ஒரே மாதிரி மரியாதையோடு காட்டுகிறது படம். கம்பெனியின் சேர்மன் சாவ் தேவாங்கூட வில்லனாக வரவில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருந்த ஏழைச் சீனாவில் சந்தோஷமாக இருந்தேனோ என்று தனியாக யோசிக்கிறார். மனசைத் தொடுகிறது. அடுத்த காட்சிகளில் அவரிடம் மேனேஜர்கள் ரோபோ கையைக் காட்டி, இங்கே இத்தனை ஆட்களைக் குறைத்துவிடலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர் தலையாட்டுகிறார். "கிளாஸ்" படத்தில் உடைந்த பாட்டிலைத் தூக்கிப் போட்ட கை ஞாபகம் வருகிறதா? அறுபது வருஷத்தில் கண்ணாடி ஃபேக்டரியில் அந்தக் கைக்கு வந்த நிலைமை இது. நண்பர்களே, அந்த ரோபோவை மாட்டப் போகிறவர்களும் நாம்தான், அதனால் வெளியே போகப் போகிறவர்களும் நாம்தான். 2020-ல் ஆஸ்கர் வாங்கிய படம். என் மார்க் 95. இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், இரண்டு ராத்திரி ஆனது. பரவாயில்லை.

தமிழில் ஒரு படம் கட்டாயம் சொல்ல வேண்டும். திவ்யபாரதி 2017-ல் எடுத்த "கக்கூஸ்". மலம் அள்ளும் தொழிலாளர்களைத் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ச் சந்தித்து எடுத்தது. இந்த வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் நடப்பதைத்தான் படம் காட்டுகிறது. திரையிடப் போலீஸ் அனுமதி மறுத்ததால் யூடியூபில் வெளியிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியாது, தனியாகப் பார்ப்பதும் கஷ்டம். ரூமில் நாலு பேராக உட்கார்ந்து பாருங்கள். பேசுவது முழுக்க அந்தத் தொழிலாளர்களே. அதனால் இரண்டாவது கேள்விக்கு முழு மார்க். மொத்தம் 90.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் உண்டு. படம் வந்ததற்கு அடுத்த வருஷம், 2018-ல், திருவனந்தபுரத்தில் இளம் என்ஜினீயர்கள் சேர்ந்து நடத்தும் ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற கம்பெனி, மேன்ஹோலைச் சுத்தம் செய்ய "பாண்டிகூட்" என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. பெருச்சாளி என்று அர்த்தம்! மனுஷன் உள்ளே இறங்காமல் மேலே நின்று இயக்கலாம். இங்கே ரோபோ வந்தால் யார் வயிற்றிலும் அடிக்காமல், ஓர் உயிரைக் காப்பாற்றும். மொரைனில் வந்த ரோபோவும் திருவனந்தபுரத்தில் வந்த ரோபோவும் ஒன்றா? ப்ராஜெக்ட் தலைப்புத் தேடி அலையும் நண்பர்கள் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

"தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்" பற்றிக் கேட்பீர்கள். கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்து 2023-ல் ஆஸ்கர் வாங்கிய படம். முதுமலை தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி இருவரும் தாயில்லாத யானைக் குட்டிகளை வளர்க்கிறார்கள். தமிழ் பேசும் படம், கண்ணுக்குக் குளிர்ச்சி, ரகு யானையைப் பிரிக்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் யானை வளர்ப்பதும் ஒரு வேலைதானே? சம்பளம், லீவு, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று எதுவும் இதில் தெரியவில்லை. 68. ரொம்பக் குறைவு என்று எங்கள் டிபார்ட்மெண்ட் தோழிகள் சண்டை போட்டார்கள். ரீவேல்யூவேஷனுக்கு அவர்கள் தாராளமாக அப்ளை செய்யலாம்.

இனி, எதை முதலில் பார்ப்பது? பழக்கமில்லாதவர்கள் நேரே "மெஷின்ஸ்" போட்டால் பத்தாவது நிமிஷத்தில் தூங்கிவிடுவார்கள். முதல் ராத்திரி "கிளாஸ்", அது முடிந்த கையோடு "நைட் மெயில்". இரண்டும் சேர்ந்து நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், மெஸ் மணி அடிப்பதற்குள். சனிக்கிழமை "அமெரிக்கன் ஃபேக்டரி", அது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். "கக்கூஸ்" படத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை ஒதுக்குங்கள், முடிந்ததும் பேச நேரம் இருக்கும்.

செமினார் ஹால் புரொஜக்டரை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தரும்படி நம் யூனியன் மூலம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கேம்பஸ் சீசன் ஆரம்பிப்பதற்குள் நாலு படமாவது போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். அந்தக் கம்பெனி படம் முடிந்து லைட் போட்டதும், கை தட்டிவிட்டு, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் சார் என்று கேட்க ஒருவர் எழுந்திருக்க வேண்டும். முதல் ஆளாக எழுந்திருக்க நான் தயார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் சரி.